வெள்ளி பெயிண்ட் அடித்த பைப்

பதிவு 88 | செவ்வாய், காலை 9.20

நிலவின் தென்துருவக் குடியிருப்பு. பதிபவர்: உலோக ஆய்வாளர் சந்தனமாரி.

வழக்கமான சோதனை. பைப்புகளின் சுவர்த் தடிமன், வெல்டிங் கோடு, கசிவு. தண்ணீர் லைன் ஜி.ஐ. பைப், நல்ல நிலை. வயர் போகும் லைனும் ஜி.ஐ., நல்ல நிலை. இரும்புத் தகட்டைச் சுருட்டி, விளிம்பைப் பற்றவைத்து, மேலே துத்தநாகம் பூசிய சாதாரணப் பைப். இந்த வேலைகளுக்கு இது தாராளம்.

நிலவு மண்ணை உருக்கும் உலையிலிருந்து ஆக்சிஜன் வரும் சூடான லைன் மட்டும் ஸ்டெயின்லெஸ். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் திறப்பு விழாவுக்கு முன் எல்லாப் பைப்புக்கும் ஒரே வெள்ளி பெயிண்டை அடித்துவிட்டார்கள். எது எந்தப் பைப் என்று பார்த்தால் தெரியாது. தடிமன் அளக்க ஓரிடத்தில் சுரண்டினேன். அடியில் பூப்பூவாகத் துத்தநாகம்.

சூடான லைனில் ஜி.ஐ.

பதிவு 89 | செவ்வாய், மாலை 4.05

லைனைப் பற்றவைத்தவர் சேவியர் அண்ணன். கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஸ்டெயின்லெஸ் பைப் வந்து இறங்கியதாம். விருந்தினர் மாடத்தின் கைப்பிடி பளபளவென்று இருக்க வேண்டும் என்று திட்ட அதிகாரி வைத்திலிங்கம் அதை அங்கே திருப்பிவிட்டாராம். உலை லைனுக்கு மிச்சம் கிடந்த ஜி.ஐ. பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்தெடுக்கவும் நேரம் தரவில்லை. அந்தத் துத்தநாகப் புகையை இழுத்துக் குளிர்காய்ச்சலில் கிடந்தவருக்குப் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்து மறுபடி வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ். மூச்சுக்கு ஜி.ஐ.

இருநூறு டிகிரிக்கு மேல் விடாமல் சூடேறினால் துத்தநாகம் தோல் தோலாக உரியும். உரிந்தது போய் வடிகட்டியை அடைக்கும். அந்த லைனின் கடைசியில் இருப்பது ஏழாம் கூடம், குழந்தைகள் கூடம். என் நறுமுகை அங்கேதான் இருக்கிறாள். இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகுகிறாள்.

பதிவு 90 | புதன், காலை 11.40

அறிக்கை கொடுத்தேன். உலையை அணையுங்கள், கைப்பிடியை அறுத்து லைனில் போட்டுவிடலாம், அதுவரை சிலிண்டர் இருக்கிறது என்று. வைத்திலிங்கத்தின் பதில் ரேடியோவில் வந்தது. அப்படியே பதிகிறேன்:

"துருப்பிடிக்கக் கூடாதுன்னுதான மேடம் ஜி.ஐ. போடுறோம்? நல்லதுதான செஞ்சிருக்கு? வெள்ளிக்கிழம மேலிடத்து ஆளுங்க வர்றாங்க, இப்பப் போயி கைப்பிடிய அறுங்கிறீங்க. கைப்புள்ளக்காரங்க, பயம் இருக்கத்தான் செய்யும். ரெண்டு நாள் லீவு போட்டுப் பிள்ளையப் பாருங்க."

நிலவில் மழை பெய்கிறதா? கடற்காற்று அடிக்கிறதா? எதற்கு ஐயா இங்கே துருவைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பட்டம் வாங்கியபோது எனக்குப் பிள்ளை இல்லை. பெற்ற பிறகு அந்தப் படிப்பு செல்லாதா?

பதிவு 91 | வியாழன், காலை 8.15

நேற்று முழுக்க நறுமுகையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். பணியிடத்துக்குக் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்று இரவே உத்தரவு வந்துவிட்டது. இத்தனை வேகமாக ஒரு உத்தரவு வந்து நான் பார்த்ததில்லை.

லைனில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. வடிகட்டியை நானே கழற்றிச் சுத்தம் செய்யப்போகிறேன். உலைக்கூடத்தில் காற்று கிடையாது, கவச உடை போட வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஏழாம் கூடத்தில் ஆயா புஷ்பலதாவிடம் விட்டேன். ஆக்சிஜன் குறைந்து அலாரம் அடித்தால் எதையும் யோசிக்காமல் பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிவிடு என்று இரண்டு முறை சொன்னேன். என் சட்டையைப் பிடித்த விரல்களைப் பிரித்துவிட்டு வந்தேன்.

பதிவு 92 | வியாழன், காலை 10.30, உலைக்கூடம், குரல்பதிவு

வடிகட்டியைத் திறந்தாயிற்று. உள்ளே மீன்செதில் மாதிரி அப்பிக்கிடக்கிறது. சுரண்டச் சுரண்ட வருகிறது. இதன் வழியாக எதுவுமே போயிருக்காது. எவ்வளவு நேரமாக?

அப்படியானால் ஏன் அலாரம் அடிக்கவில்லை? ரேடியோவில் கேட்டேன். புஷ்பலதாவின் பதில்:

"அலாரமாக்கா? அத நேத்தே சார் கழட்டச் சொல்லிட்டாரு. சும்மா சும்மா கத்துதாம், ஆளுங்க வர்ற நேரத்துல அசிங்கமாம். நீங்க கவலப்படாதீங்க. இன்னைக்கு எல்லாம் தங்கமாத் தூங்குதுங்க. உங்க முகையும்தான். ஒரு சிணுங்கல் இல்ல."

நறுமுகை இந்த நேரத்தில் தூங்கமாட்டாள்.

கரியமிலவாயுவை வேறு இயந்திரம் இழுத்துவிடும். அதனால் மூச்சு முட்டாது, இருமல் வராது. ஆக்சிஜன் குறைவது யாருக்கும் தெரியாது. தூக்கம்தான் வரும்.

பதிவு 93 | ஓடிக்கொண்டே

புஷ்பலதாவிடம் கதவைத் திற என்று சொல்லிவிட்டேன். எழுப்பாதே, தூக்கு, தாழ்வாரத்தில் போடு என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் நழுவிவிடக் கூடாதென்று ஏழாம் கூடத்துக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். சேவியர் அண்ணன் வெளியே நின்று கட்டரால் அறுக்கிறார். கேட்கிறது.

புஷ்பலதா:

"திறக்குறேன்க்கா. இதோ. செத்த உக்காந்துட்டுத் திறக்குறேன்."

ஏர்லாக்கில் நிற்கிறேன். காற்று நிரம்பினால்தான் உள்கதவு திறக்குமாம். சிவப்பு. விளக்கு சிவப்பாகவே இருக்கிறது. இதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் சரி, விபத்து என்று எழுதிவிடாதீர்கள். ஆள் பெயர் இருக்கிறது. வைத்திலிங்கம். அலாரத்தைக் கழற்றச் சொன்னவன்

இன்னும் சிவப்பு

புஷ்பா, உட்காராதே. புஷ்பா. யாரையாவது கிள்ளு, அழவை, எனக்கு ஒரு அழுகை கேட்கட்டும். புஷ்பா, எழுந்