‘உ’ வரிசையில் ஒரு சொல்

ஜூன் 4

அன்புள்ள மாமா,

நலமா? போன கடிதத்துக்கே பதில் இல்லை. கடையில் கூட்டம் என்று கதை விடாதீர்கள்.

அகராதி அலுவலகத்தில் எனக்கு இப்போது ‘உ’ வரிசை. ‘உறுத்தல்’ என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். உறு என்றால் படுதல். உறுத்து என்றால் படும்படி அழுத்துதல். இதுவரை வந்துவிட்டேன். இது எப்படி மனசுக்குள் போனது? தினமும் கண் பரிசோதிக்கிறவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. லைசென்ஸ் புதுப்பிக்க அப்பா கண் சர்டிபிகேட் கேட்டு வருவார். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம்தான். இழுத்தடிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுவதை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

உங்கள் மருமகள்

ஜூன் 11

சொற்களின் மகாராணிக்கு, கண்ணாடிக் கடைச் சக்கரவர்த்தி எழுதுவது:

என் நாற்காலியில் இதுவரை ஏழு கோடிக் கண்கள் உட்கார்ந்து எழுந்திருக்கின்றன. தூசி விழுந்து வந்த ஒருவர்கூட “வலிக்குது” என்றதில்லை. “உறுத்துது” என்பார்கள். மலையே விழுந்திருக்கும் என்று இமையைப் புரட்டினால், கொசுவின் பேத்தி அளவில் ஒரு துகள். ஆனால் அது இருக்கும்வரை வேறு எதையும் நினைக்க விடாது. அதனால்தான் மனசும் இந்தச் சொல்லை வாடகைக்கு எடுத்திருக்கிறது.

உன் அப்பா வந்தார். “என்ன மாப்ளே, கடைசி வரி வரைக்கும் சொல்லிடவா?” என்றார். அரசவைப் புலவர் தோற்றார் போ! ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். எல்லாம் பழைய கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகள். நான் புது அட்டை மாட்டி மூன்று நாளாகிறது. வருஷக்கணக்காக என் கடைக்குப் பேப்பர் படிக்க வந்ததில் பழையது மனப்பாடமாகிவிட்டது. சுவரில் வேறு அட்டை தொங்குவதே அவருக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், கண்ணு. யானையைத் தூக்கச் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லத்தான் வரவில்லை.

உன் மாமா

ஜூன் 16

மாமா,

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பாதியை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டது போட்டதுதான். அப்பா போனில் பாடாத குறை. அதைக் கெடுக்காதீர்கள்.

பொருள் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘செய்த தவறு பின்னால் மனத்தை அரித்தல்.’ சரிதானே?

மருமகள்

ஜூன் 20

கண்ணு,

சரியில்லை. ‘பின்னால்’ என்பதை அடித்துவிடு. நாற்பது பேர் ஏறிய பஸ் இன்னும் யார்மேலும் மோதவில்லை. அதற்கு முன்பே குத்தத்தான் உறுத்தல் இருக்கிறது. மோதிய பிறகு வருவதற்கு நீ வேறு சொல் தேடிக்கொள்.

உன் அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். “இருபத்தெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கேன்டா!” என்று கத்தினார். “அதை அப்படியே முடிச்சுக்குங்க மச்சான்” என்றேன்.

அங்கிருந்து நேராக டிப்போவுக்குப் போனேன். தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்து, சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனால், உன் அம்மா, என்கூடப் பிறந்தவள், என் முகத்தில் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு வந்தேன்.

நீயும் கோபப்படு. ஆயிரம் வருஷம் வேண்டுமானாலும் காத்திருப்பேன். முடிவை மாற்ற மாட்டேன்.

மாமா

ஜூலை 9

மாமா,

ஊருக்கு வந்திருந்தேன். வேண்டுமென்றேதான் கடைப்பக்கம் வரவில்லை. ‘பின்னால்’ என்பதை அடித்துவிட்டேன். அதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

திங்களன்று ஆஸ்பத்திரிக்குப் போக அப்பாவும் நானும் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் பக்கத்தில் வந்து நின்றேவிட்டது.

“எத்தனாம் நம்பர்மா அது?” என்று கேட்டார்.

“பன்னிரண்டுப்பா.”

“நம்ம பஸ்ஸா?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, பின் வாசல் வழியாக ஏறினார்.

மருமகள்