குதிரையிடம் யாரும் கேட்கவில்லை

அக்கா,

அந்தக் குதிரைப் படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். கூலிமில் மகன் வீட்டில் பேத்தி தொலைக்காட்சியில் போட்டாள். குளம்புச் சத்தம் கேட்டதுமே என் பற்கள் நறநறத்தன.

சின்ன வயதில் நம் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அதைக் காட்டினார்கள். ஒரு சிறுமி, ஒரு கறுப்புக் குதிரை, அதைச் சாட்டையால் விளாசும் லாயக்காரன். பாஷை நமக்குப் புரியவில்லை. சாட்டை புரிந்தது. அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில்தான், எல்லாரும் வரிசையில் நிற்க, காய்ச்சலோடு தாமதமாக வந்த அப்பாவை வேலை வாங்கும் மண்டோர் ரோத்தான் பிரம்பால் அடித்திருந்தான். முதுகில் ஒட்டிப்போன சட்டையை நீதான் வெந்நீர் விட்டு விட்டுப் பிரித்தெடுத்தாய்.

மண்டோருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். திரையில் குதிரை அடி தாங்காமல் மண்டியிட்டதும் அவன் அப்பா பக்கம் திரும்பினான்.

"பாத்தியா முனியா? நாலு போட்டாத்தான் எதுவும் நடக்கும்லா!"

சிலர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை.

கட்டைச் செருப்பைக் கழற்றிக்கொண்டு போய் அவன் வாயில் அடித்தாய். மறுபடியும் அடித்தாய். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. அவன் உன் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து இடது காதில் அறைந்தான். கீழே விழுந்த பிறகும் உதைத்தான். யாரும் குறுக்கே வரவில்லை. நான் அவன் காலைக் கடித்துத் தொங்கினேன். படம் காட்டும் மெஷின் சாய்ந்து, படத்துக் குதிரையின் கால்கள் உங்கள் இருவர் மேலும் ஓடின. அதோடு படம் நின்றது.

மறுநாள் கோயில் முன்னால் கூட்டம். அவன் காலில் விழு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்றார்கள்.

"விழுந்துடு தாயி, நாம எங்க போறது?" என்று அப்பா கெஞ்சினார்.

"அவன் மொதல்ல ஒங்க கால்ல விழட்டும்பா. அப்புறம் நான் விழறேன்."

வீட்டைக் காலி செய்து பண்டார் பாருவுக்கு வந்து சேர்ந்தோம். உன் இடது காது திரும்பக் கேட்கவே இல்லை. பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், கடைசியில் ஆஸ்பத்திரியிலும் உன் வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். காதைப் பற்றி நீ ஒருநாளும் புலம்பியதில்லை. "அந்தக் குதிர என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்பாய். படத்தின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

மண்டோர் கிழவனான பிறகு அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாணத்தில் என் கையைப் பிடித்தான். "அந்தக் காலம் அப்படிப்பா. மன்னிச்சிடு. மனசுல வச்சுக்காத."

கையை உதறினேன். "செவுடானது நானில்ல. அக்கா பண்டார் பாருலதான் இருக்கு. பஸ் இருக்கு, போய்ச் சொல்லு."

நீ கண்மூடும்வரை அவன் வரவில்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். குதிரை சாகவில்லை. லாயக்காரன் கண்ணீர் விட்டுச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவள் சிரிக்கிறாள். குதிரை அவன் கையிலிருந்தே தின்கிறது. பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்வீட்லா, தாத்தா! அவருதான் சாரி சொல்லிட்டாரே."

"யாருகிட்ட?"

"அந்தப் பொண்ணுகிட்ட."

"அடி வாங்குனது யாரு?"

அவள் திரையைப் பார்த்தாள். "குதிர" என்றாள் மெதுவாக.

"விடுங்கப்பா, சின்னப் பிள்ளைங்க படம்" என்றான் மகன். நான் எதைத்தான் விட்டிருக்கிறேன்? அவர்கள் சாப்பிடப் போன பிறகு, காலியான நாற்காலிகளில் வலது ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இன்னும் அப்படித்தான் உட்கார வருகிறது.

நீ செருப்பைக் கழற்றிய இடத்தில் எனக்கு அந்தப் படம் முடிந்துவிட்டது, அக்கா. அதற்குப் பிறகு வருவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.