கடலடி உலகத்துக் குரல்

ஒஸ்லோ
03.03.2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அந்த வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். கைத்தொலைபேசியில் என் இலக்கத்தை மறித்து வைத்திருக்கிறீர்கள். தபாலை மறிக்க உங்களால் முடியாது.

ஊர்ப் பெடியன் கஜானன் முகநூலில் போட்ட வீடியோவைப் பார்த்தேன். எங்கள் பூங்காவின் கொட்டகை கூரை பிரித்துக் கிடக்கிறது. அப்பா சீமெந்தில் செய்த சுறாவும் திருக்கையும் கடற்கன்னியும் மதிலோரம் குவிந்து கிடக்கின்றன. கடற்கன்னியின் வயிற்றில் காலை வைத்துக்கொண்டு ஒருவன் தேநீர் குடிக்கிறான். 'கடலடி உலகம்' புதுப்பொலிவோடு வருகிறதாம். திரைகளாம், வண்ண வெளிச்சமாம், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குரலாம்.

அப்படியானால் அம்மாவின் குரல்?

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் அப்பா தொண்டைமானாற்றுக் காணியில் அந்தக் கொட்டகையைப் போட்டபோது ஊரே சிரித்தது. வாய்க்கால் கட்டி, பம்பி வைத்துத் தண்ணீரை ஓட்டி, படகில் பிள்ளைகளை இருத்தி இருட்டுக்குள் அனுப்பினார். பள்ளிக்கூட ரீச்சராக இருந்த அம்மா, பதிந்துவைத்த குரலில், போகிற வழியெல்லாம் ஒலிபெருக்கியில் கதை சொன்னார். "வாங்கோ பிள்ளையள், பயப்பிடாதேங்கோ, ரீச்சரும் உங்களோடைதான் வாறன்." பங்கருக்குள் ஒளிந்து வளர்ந்த பிள்ளைகள் இருட்டுக்குள் இருந்து சிரிக்கப் பழகியது அங்கேதான். அந்தக் குரலுக்காகவே மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் சனம் வந்தது.

அம்மா போய் ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் குரலையும் எடுத்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காணி உறுதியில் என் பெயரும் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். குரலைப் பழையபடி வையுங்கள். இல்லாவிட்டால் நான் செய்யவேண்டியதைச் செய்வேன்.

வாகீசன்


தொண்டைமானாறு
24.03.2024

தம்பி வாகீசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "ஒஸ்லோக் கடிதம், தம்பி எழுதியிருக்கிறார் போலை" என்று தபால்காரர் சந்தோசமாகச் சிரித்துக்கொண்டே தந்தார். பாவம் மனிதர்.

சுறாவைப் பற்றி எழுதியிருந்தாய். அதன் தாடை எப்போதோ விழுந்துவிட்டது. உள்ளே இருந்த கம்பி துருத்திக்கொண்டு நின்றது. போன மாரியில் படகு நடுவழியில் மாட்டிச் சரிந்து, ஒரு தாயும் கைக்குழந்தையும் தண்ணீருக்குள் விழுந்தார்கள். முழங்காலளவு தண்ணீர்தான். ஆனால் கும்மிருட்டு. அந்தப் பெண் குழந்தையைத் தேடிக் கத்திய கத்தலை நீ கேட்கவில்லை. அவள் கத்திக்கொண்டிருக்க, மேலே அம்மா தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்: "சுத்திப் பாருங்கோ, என்ன வடிவான இடம்." நான் தண்ணீருக்குள் குதித்துக் குழந்தையைத் தூக்கும் வரைக்கும் அது ஓயவில்லை.

புதியது எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினையாதே. புதுச் சுறா பாவித்த சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. திரையில் வரும் மீன்களில் ஒரு பாரை இல்லை, ஒரு ஒட்டி இல்லை. எந்த நாட்டுக் கடலோ தெரியவில்லை. அறிவிப்பாளர் 'ஆழம்' என்ற சொல்லை 'ஆளம்' என்கிறார். மறுபடி பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் படகு கவிழாது. இருக்கையில் பட்டி உண்டு. அது எனக்குப் போதும்.

அம்மாவின் குரலைப் பற்றிக் கேட்டாய். நீ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குத்தான் வந்தாய். கீரிமலையில் முழுகிவிட்டு நேரே கொட்டகைக்குப் போய், படகில் இருந்து குரலைக் கேட்டு அழுதாய். அழுததை வீடியோவும் எடுத்தாய். அந்தக் கிழமையே விமானம் ஏறினாய். எனக்கு அது ஒவ்வொரு படகுக்கும் கேட்டது. பூங்கா திறந்தால் தொடங்கும், பூட்டினால்தான் நிற்கும்.

குரல் திரும்பி வராது. இதற்கு மேல் விளக்கம் சொல்லும் எண்ணமில்லை.

உன் மகள் லவீனா படிக்கிறாளா? அவளுக்கு மாமியின் அன்பைச் சொல்.

குணலட்சுமி


ஒஸ்லோ
14.04.2024

அக்காவுக்கு,

இன்றைக்குச் சித்திரை வருடப்பிறப்பு. வாழ்த்து என்று மருந்துக்கு ஒரு சொல் எழுதிவைக்கிறேன்.

கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்பதுதானே உங்கள் நியாயம்? அம்மா சலித்துப்போகிற சாமானா? படகு கவிழ்ந்தால் படகைத் திருத்துங்கள். சுறாவுக்குத் தாடை போனால் தாடை வையுங்கள். படகு கவிழ்ந்ததற்கு அம்மாவின் வாயை அடைக்கிற நியாயத்தை நான் எங்கேயும் கேள்விப்படவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. 'ரீச்சரின் குரலைத் திருப்பித் தாருங்கள்' என்று இணையத்தில் ஒரு விண்ணப்பம் போட்டேன். உலகம் முழுவதிலுமிருந்து எங்கள் சனம் கையெழுத்து வைக்கிறது. கனடாவில் இருக்கும் ஒரு பெடியன் கலியாணத்துக்கு ஊர் வந்தபோது புதுமனைவிக்குக் காட்டிய முதல் இடம் உங்கள் கொட்டகைதானாம். கோவிலுக்குக்கூடப் பிறகுதான் போனார்களாம். அவனுக்கு இருக்கிற உணர்வு பெற்ற மகளுக்கு இல்லை.

சட்டத்தரணியோடும் கதைத்துவிட்டேன். என் சம்மதமில்லாமல் காணியில் ஒரு ஆணிகூட அடிக்க முடியாதபடி தடையுத்தரவு வரும்.

அம்மா அப்பாவைப் பார்க்கத்தான் கலியாணம் கட்டாமல் இருந்தேன் என்று ஊருக்கெல்லாம் காட்டித் திரிந்தீர்கள். உண்மையில் பூங்காவைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

வாகீசன்


தொண்டைமானாறு
06.05.2024

வாகீசனுக்கு,

தடையுத்தரவு வந்தது. வேலையாட்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திரைகள் பெட்டியோடு கிடக்கின்றன. சந்நிதிக் கோவில் திருவிழாச் சனத்தை நம்பித்தான் எங்கள் வருடம் ஓடுகிறது. அதற்குள் திறக்க முடியாது போலிருக்கிறது. ரிக்கற் கொடுக்கும் பிரியந்தினி, "அக்கா, நான் வேறை இடம் பாக்கட்டோ?" என்று கேட்டாள். பார் என்று சொன்னேன்.

என் கலியாணத்தைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதமாட்டேன். அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

கடைசி வருடம் அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார். பிறகு அப்பா செத்ததை மறந்தார். பிறகு என்னை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தொலைபேசி எடுக்கும்போது, "தம்பி கதைக்கிறான், சாப்பிட்டியோ எண்டு கேளுங்கோ" என்று காதுக்குள் சொல்லிக் கொடுத்தது நான். தெளிவாக இருந்த ஒரு பொழுதில், "அவனுக்குச் சொல்லிப்போடாதை, அங்கை தனிய இருந்து அழுவான்" என்று அம்மாதான் என்னைத் தடுத்தார்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையில் ஒரு வேலிதான். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் அம்மா எழும்பி விறாந்தைக்கு வருவார்.

"ஆரடி உவள்? ஏன் என்ரை குரலிலை கதைக்கிறாள்?"

"அது நீங்கள்தான் அம்மா."

"விசரோ உனக்கு? நான் இஞ்சையெல்லோ நிக்கிறன்."

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. தேடிப் போனேன். கொட்டகைக்குள், இருட்டில், வாய்க்கால் தண்ணீருக்குள் இடுப்பளவு நனையக் குந்தியிருந்தார். சேலை மிதந்தது. ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்: "உவள் என்ரை பிள்ளையளை இருட்டுக்குள்ளை கொண்டுபோறாள்! ஆரும் மறியுங்கோ!" நான் தூக்கியபோது என் கையைப் பிடித்து, "பிள்ளை, உவளை வாய் மூடச் சொல்லு" என்று கெஞ்சினார். சரி அம்மா, இனிக் கதைக்கமாட்டாள் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் கண்மூடும் வரைக்கும் கொட்டகையில் பாட்டு மட்டும்தான் போட்டேன்.

அந்தியேட்டிக்கு வந்த நீ, "ஏன் பாட்டுப் போகுது? அம்மாவைப் போடுங்கோவன்" என்றாய். அழுது வீங்கிய உன் முகத்தைப் பார்த்து மறுக்க எனக்கு மனம் வரவில்லை. போட்டேன். அம்மாவுக்குச் சொன்ன சொல்லை உனக்காகத்தான் மீறினேன். ஒரு வருடம் மீறினேன். இனி மாட்டேன்.

உன் விண்ணப்பத்தில் இதையும் போடு. எத்தனை பேர் கையெழுத்து வைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

குணலட்சுமி


ஒஸ்லோ
26.05.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்தில் வைத்து வாசித்தேன். பாதியில் வாசிக்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

இரக்கப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு வந்தது கோபம்தான். ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கதைத்தது அம்மாவோடு அல்ல, உங்களோடு. 'சாப்பிட்டியோ மோனை' என்று கேட்டது நீங்கள். அது தெரியாமல் நான் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் அடுத்த விமானத்தில் வந்திருப்பேன். அம்மா தடுத்தாராம். மறதிக்காரி சொன்னதைக் கேட்டு, சுயபுத்தி உள்ள நீங்கள் எனக்கு மறைத்தீர்களா? வந்தால் பங்குக்கு நிற்பான் என்று பயந்தீர்களா?

இன்னொன்று. தண்ணீருக்குள் இருந்து கத்தியது நோய். ஒலிபெருக்கியில் கதைத்தது அம்மா. வகுப்பில் சத்தம் போடாமலே பிள்ளைகளை அடக்கிய கமலாவதி ரீச்சர். நோய் பிடித்த அம்மா பயந்தார் என்பதற்காக, நல்லாக இருந்த அம்மாவை ஏன் வாய் மூட வைக்கிறீர்கள்? உங்களுக்குக் கடைசி வருடம்தான் அம்மா. எனக்கு அதற்கு முந்தின அம்மாதான் மிச்சம். அவரையும் பறிக்கிறீர்கள்.

வழக்கைத் திரும்ப வாங்கமாட்டேன்.

வாகீசன்


தொண்டைமானாறு
18.06.2024

வாகீசனுக்கு,

பங்கு என்ற சொல்லை எழுதிவிட்டாய். நல்லது.

நல்லாக இருந்த அம்மாவைப் பற்றி நீ எழுதியதில் நியாயம் இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன், பல நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன். அந்த அம்மாவை எனக்கும் ஞாபகப்படுத்திப் பார்க்க முயன்றேன். முகம் வருகிறது, வாயைத் திறந்தால் நனைந்த சேலையோடு நிற்கிறார். நீ தூரத்தில் இருந்ததால் உனக்கு அவர் நல்லாக மிஞ்சியிருக்கிறார். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைக் காவல் காக்கிற ஆளாக நான் இருக்கவும் மாட்டேன்.

ஆகவே நீ நடத்து.

எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைத்து என் பங்கையும் பார்க்க உனக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கைத் திரும்ப வாங்கினால் வேலையாட்கள் திரும்பி வந்து முடித்துத் தருவார்கள். புது ஒலிப்பெட்டியில் இரண்டு குரலும் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அறிவிப்பாளரும் இருக்கிறார், அம்மாவும் இருக்கிறார். எது வேண்டுமோ நீயே போட்டுக்கொள். வீட்டுச் சாவி பிரியந்தினியிடம். அவளை வேறு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறேன்.

என்னோடு படித்த மக்டலீன் மன்னாரில் பெண்பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறாள். கூடமாட ஒத்தாசைக்கு வரச்சொல்லி எத்தனையோ தரம் கேட்டவள். இந்த வெள்ளிக்கிழமை போகிறேன். விலாசம் கீழே இருக்கிறது. அவசரமென்றால் மட்டும் எழுது.

அம்மாவோடு நீ இரு. நான் இருந்தது போதும்.

குணலட்சுமி


தொண்டைமானாறு
25.08.2024

அக்காவுக்கு,

அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வழக்கைத் திரும்ப வாங்கிவிட்டு, ஆடி நடுவில் லீவு எடுத்துக்கொண்டு தனியே வந்தேன். லவீனாவும் தாயும் அங்கே. திருவிழாத் தொடங்க முன்னமே திறந்துவிட்டோம். அம்மாவைத்தான் போட்டேன். முதல் நாள் சனம் கைதட்டியது. வயது வந்த பெடியன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கினார்கள். ஒருவன் என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணை, ரீச்சரைக் காப்பாத்திப்போட்டியள்" என்றான். உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று வன்மத்தோடு நினைத்தேன். புதுச் சுறா சவர்க்காரக் கட்டிதான். அதில் உங்களோடு சண்டையில்லை.

அடுத்தடுத்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு படகுக்கும் வாங்கோ என்கிறார். அதே இடத்தில் மூச்சு எடுக்கிறார். சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கும்போது, குளிக்கும்போது, உங்கள் அறையில் படுத்திருக்கும்போது, வேலிக்கு அந்தப்பக்கம் பயப்பிடாதேங்கோ என்கிறார். முதலில் அழுதேன். பிறகு அழுகை வரவில்லை. பிறகு காதைப் பொத்தினேன். போன செவ்வாய்க்கிழமை, வரிசையில் சனம் நிற்க, கொட்டகை வாசலில் நின்று "போதும் அம்மா, நிப்பாட்டுங்கோ" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரியந்தினி உள்ளே போய்க் குரலை அறிவிப்பாளருக்கு மாற்றிவிட்டு வந்தாள்.

நீங்கள் வென்றுவிட்டதாக நினைக்கவேண்டாம். அம்மாவுக்கு நோய் என்று எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். அதை நான் மறக்கமாட்டேன், மன்னிப்பேனா என்றும் தெரியாது. பங்கு என்று எழுதியது பிழை. அதைக் கையெழுத்தோடு திருப்பி எடுக்கிறேன். உங்கள் தத்துவப் பத்திரத்தையும் சட்டத்தரணியிடம் சொல்லி நீக்கிவிட்டேன். நான் அடுத்த மாதம் போகிறேன். பூங்காவைப் பிரியந்தினி பார்ப்பாள். நீங்கள் வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

நேற்று வவுனியாவிலிருந்து ஒரு பெண் பிள்ளைகளோடு வந்தாள். படகில் போய் இறங்கியதும் நேரே என்னிடம் வந்து சண்டை பிடித்தாள். "ரீச்சரின்ரை குரல் எங்கை? உந்த அறிவிப்பாளரைக் கேக்கவோ நாங்கள் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தனாங்கள்? சின்னனிலை நான் கேட்டது, என்ரை பிள்ளையளும் கேக்கவேணுமெண்டு ஆசையோடை கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவளோடு வாதாட எனக்கு எத்தனையோ நியாயம் இருந்தது. எல்லாம் நான் உங்களுக்கு எழுதிய நியாயங்களுக்கு நீங்கள் எழுதிய பதில்கள். அவற்றை விட்டுவிட்டேன்.

"அவ எங்கடை அம்மா, தங்கச்சி" என்றேன். "கதைச்சுக் கதைச்சுக் களைச்சுப்போனா. இனிப் படுக்கட்டும்."

 அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றாள்.

தம்பி
வாகீசன்