மூடிமேல் மரக்கரண்டி

மார்ச் 4

குண்டூசிக்கு,

போன வியாழக்கிழமை மதியம் நம் கடையில் இருந்தவர்களை எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள். அடுப்படியில் சமையல்காரர் தாடி. தொட்டியடியில் பாத்திரம் கழுவும் அக்கா. கல்லாவில் உன் சித்தப்பா, வழக்கம்போல் செல்போனுக்குள். முதல் மேசையில் தபால்காரர். இரண்டாவதில் பல் டாக்டரும் அவர் மனைவியும், பேச்சுவார்த்தை இல்லாமல். மூன்றாவதில் யாருமில்லை, அதற்குக் கால் ஆடும். நான்காவதில், அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நீ. இத்தனையும் பார்த்துக்கொண்டு நான்.

தொப்பி போட்டால் தெரியாதா? ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டைச் சுற்றி வேலி கட்டுகிறவள் நம் வம்சத்திலேயே நீ ஒருத்திதான். ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறாள், கூச்சமாக இருக்கும், அவளாக வாயைத் திறக்கட்டும் என்று நானும் தெரியாதவள்போல் இருந்தேன். நீ வாயைத் திறந்தது ஞாயிற்றுக்கிழமை பேப்பரில்.

"இந்தத் தெருவில் எங்கே சாப்பிடலாம்" என்று ஏழு கடை போட்டிருக்கிறாய். மூலைக் காப்பிக் கடைக்கு அரைப் பக்கப் புகழ்ச்சி. அங்கே நன்றாக இருப்பது நாற்காலி மட்டும்தான். நமக்கு மூன்றே வரி. மனப்பாடமாகிவிட்டது: "பட்டாணி சூப்பை நம்பிப் போகாதீர்கள். கடல் தண்ணீர். பானையில் உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்று அந்த அடுப்படிக்கே தெரியவில்லை."

தபால்காரர்தான் பேப்பரை மடித்துக் கொண்டுவந்தார். "எழுதினது உங்க வீட்டுப் பொண்ணா பாட்டி?" என்றார். "யாரோ" என்றேன்.

உன் அப்பாவைப் பெற்றவள்

*

மார்ச் 10

அன்புள்ள பாட்டிக்கு,

நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் என் வேலை இதுதான். நல்ல கடையைத் தேடி இந்த ஊரில் நான் ஏறாத படி இல்லை. டாக்சிக்காரர்கள் வண்டியை நிறுத்தும் இடம், விலைப்பட்டியல் ஒரே பக்கத்தில் முடிகிற இடம், கடைக்காரரே அங்கே சாப்பிடுகிற இடம் என்று அலைந்து அலைந்து எழுதுகிறேன். அதை நம்பி நூறு பேர் கிளம்பிப் போகிறார்கள்.

எங்களுக்குச் சட்டம் உண்டு. சொல்லிக்கொண்டு போகக் கூடாது. யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது. அடுப்படியில் என்ன நடந்தாலும் குறுக்கே பேசக் கூடாது. சொந்தக்காரர் கடை என்று விட்டுக்கொடுத்தால் அப்புறம் என் எழுத்தை யார் மதிப்பார்கள்? பொய் ஒன்றும் எழுதவில்லையே. சூப் கரித்தது.

தாடி மாமாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி

*

மார்ச் 16

குண்டூசிக்கு,

தாடியைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

நம் கடை வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பெரிய பானைக்கு உப்புப் போட்டதும் மூடிமேல் மரக்கரண்டியைக் குறுக்கே வைப்பார். கரண்டி இருந்தால் உப்பு விழுந்தாயிற்று. இல்லையென்றால் விழவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் பிசகியதில்லை. அன்றைக்கு மாவு மூட்டை இறக்கப் பின்வாசலுக்குப் போய்த் திரும்பியவர் இன்னொரு பிடி போட்டிருக்கிறார்.

"மூடிமேல கரண்டி இல்லம்மா, அதான் போட்டேன்" என்றார்.

"கரண்டிக்குக் கால் முளைச்சுதா? மறதி வந்துடுச்சுன்னா ஒத்துக்கணும். பழியை மரத்துமேல போடக் கூடாது."

"நான் வெச்சேம்மா. யாரோ எடுத்திருக்காங்க."

"யாரு எடுத்தா? அன்னிக்கு இருந்தவங்க அத்தனை பேரும் எனக்கு ஞாபகம் இருக்கு. யாரும் அடுப்பு கிட்ட வரல" என்றேன். மேல்சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, பானைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது உன் சித்தப்பா சமைக்கிறான். தபால்காரர் காப்பியோடு எழுந்துவிடுகிறார். பல் டாக்டர் வருவதே இல்லை. உன் நூறு பேர் மூலைக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஒன்று சொல்கிறேன், உன் பேப்பரில் போட்டுக்கொள். நல்ல கடையைக் கண்டுபிடிக்க டாக்சிக்காரன் பின்னால் ஓட வேண்டாம். பின்வாசலுக்குப் போய்க் குப்பைத்தொட்டியைப் பார். மிச்சம் விழாத தொட்டி நல்ல கடை. பத்தொன்பது வருஷம் நம் தொட்டி காலி.

உன் அப்பாவைப் பெற்றவள்

*

மார்ச் 20

பாட்டி,

தாடி மாமாவை உடனே திரும்பக் கூப்பிடுங்கள். அவர்மேல் தப்பே இல்லை.

கரண்டியை எடுத்தது நீங்கள். நான் உட்கார்ந்ததும் அடுப்படி ஜன்னலில் உங்கள் முகம் தெரிந்தது. மாமா பின்வாசலில் இருந்தார். நீங்களே மூடியைத் திறந்து, அந்தக் கரண்டியாலேயே அடியிலிருந்து கிளறி, பட்டாணி நிறைய விழுகிற மாதிரி ஒரு கிண்ணம் ஊற்றினீர்கள். கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் கொண்டுவந்தீர்கள். மாமா உள்ளே வந்தார், மூடியைப் பார்த்தார், உப்பு டப்பாவை எடுத்தார். இரண்டாவது கிண்ணம் கேட்டபோதுதான் கரித்தது. தபால்காரர் ஒரு வாயோடு தள்ளிவைத்தார்.

முதல் கிண்ணம் நான் இந்த ஊரில் சாப்பிட்டதிலேயே நல்ல சூப். அதை எழுதவில்லை. எழுந்து வந்து "மாமா, நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கலாம். சட்டம் இருந்தது. அதைவிட, நல்ல வரி ஒன்று கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பேத்தி

*

மார்ச் 29

குண்டூசிக்கு,

திருத்தம் போடாதே. எங்களைப் பற்றி இனி நல்லதும் எழுத வேண்டாம்.

தாடி வீடு மூன்றாவது மாடி. படிக்குப் படி உட்கார்ந்து ஏறினேன். கதவைத் திறந்ததும், "எடுத்தது நான்தான்" என்றேன். "தெரியும்மா. தொட்டியில நீங்க போட்டதை அக்கா அன்னிக்கே காட்டுச்சு. உங்களைக் காட்டிக் கொடுக்க மனசு வரல" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். நான் இனி அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்பது திரும்பி வர அவர் போட்ட கண்டிஷன். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன். நியாயம்தான்.

பானை மறுபடி காலியாகிறது. தபால்காரர் இரண்டு கிண்ணம் குடிக்கிறார். அவர் தள்ளிவைத்ததை மன்னித்துவிட்டேன். வராமல் போன பல் டாக்டரை மன்னித்துவிட்டேன். தெரிந்தும் வாயைத் திறக்காத அக்காவை, கல்லாவில் தலை நிமிராத உன் சித்தப்பாவை, எல்லாரையும் விட்டுவிட்டேன். என் கையையும் விட்டுவிட்டேன். அது யாருக்காகப் பானையைத் திறந்தது என்று அதற்குத் தெரியும்.

அன்றைக்கு எட்டுப் பேர் கடையில். அதில் ஏழு பேருக்கு நடந்தது தெரியாது, இல்லை பாதிதான் தெரியும். முழுவதும் தெரிந்தவள் ஒருத்தி. என் கையால் ஊற்றியதை வழித்துக் குடித்துவிட்டு, இரண்டாவது உப்பு விழுவதைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, ரொட்டி ஓரத்தால் வேலி கட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்குப் பதில் போடாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன். நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை என்று ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். நான்காவது மேசைக்காரி, நானே பெயர் வைத்த குண்டூசி.