உறுமாத வண்டி

6 ஜூன் 1994, திங்கள்

இன்று அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வேன் வந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவதற்கே இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிற டைம் கீப்பர் இம்மானுவேலின், அதாவது என், நாற்காலிக்குப் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றிருக்கிறது, அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறான். முறுக்குச் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

பேட்டரியில் ஓடுமாம். டீசல் கிடையாது, புகை கிடையாது. பதினெட்டு சீட்டு. கோயம்புத்தூரிலிருந்து கஸ்தூரி என்று ஒரு இன்ஜினியரம்மா கூடவே வந்திருக்கிறார். பாளையம்பட்டிக்கும் இங்கேயும் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பார்கள். ட்ரிப்புக்குச் சராசரியாகப் பத்துப் பேர் ஏறினால் இதே மாதிரி நாலு வண்டி வாங்கி, டவுன் பஸ்ஸில் பாதியைக் குறைப்பார்களாம்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஜெயக்கொடி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நெசமாவே பொகை வராதாங்க?"

அவளுக்குப் பதின்மூன்று வருட இளைப்பு. எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பஸ்கள் நிற்குமிடம். டாக்டர் போன மாதம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: ஒன்று புகையை மாற்று, இல்லை வீட்டை மாற்று. வீட்டை மாற்ற அவளுக்கு மனசில்லை. எம்.ரெட்டியபட்டியிலிருந்து, திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிப் போகிற வீடு. ஆகவே புகைதான் போக வேண்டும்.

14 ஜூன், செவ்வாய்

ஒரு வாரமாகக் காற்றுதான் ஏறுகிறது.

காரணம் எனக்குத் தெரியும், இன்ஜினியரம்மாவுக்குத்தான் தெரியாது. நம் ஊர்க்காரன் பஸ்ஸில் உட்கார மாட்டான். சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவான். டிரைவர் ஏறி மூன்று தரம் உறும விட்டு, வண்டி குலுங்கி, கறுப்பாகப் புகை கக்கினால்தான் அது கிளம்பும் வண்டி. அப்புறம்தான் ஓடிவருவான். என் கைக்கடிகாரத்தை இருபத்திரண்டு வருடத்தில் ஒருவனும் மதித்ததில்லை.

இன்று காலை ஒன்பதே காலுக்கு வேன் சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டது. உள்ளே ஆறு துண்டு, ஒரு கத்தரிக்காய்ப் பை. துண்டுக்காரர்கள் அத்தனை பேரும் டீக்கடையில்.

"துண்டெல்லாம் போயிட்டு வந்துருச்சுங்க. ஆளுங்க எங்கீங்க?" என்று இன்ஜினியரம்மா கேட்டார். சராசரியில் துண்டைச் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கத்தரிக்காய்க்குச் சொந்தக்காரர் பால்ச்சாமி என் சட்டையைப் பிடித்தார். "ஏய்யா, வண்டி போறதுன்னா போறேன்னு ஒரு சத்தம் குடுக்க வேணாமா? களவாணி மாதிரியா போகும்?"

நியாயமாகத்தான் பட்டது.

16 ஜூன்

கிளம்பும்போது மணி அடித்துப் பார்த்தோம். சேமியா ஐஸ் வாங்க நாலு பிள்ளைகள் வந்தன.

20 ஜூன், திங்கள்

மூளை என்றால் மூளை!

சௌடப்பன் ஓட்டுகிற திருச்சுழி வண்டியை வேனுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தச் சொன்னேன். வேன் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் தன் வண்டியை உறும விட வேண்டும். அவ்வளவுதான்.

"அண்ணே, கெளம்புறது அந்த வண்டி, கத்துறது என் வண்டியா?"

"ஏலே, கல்யாணம் மாப்பிள்ளைக்கு, ஊதுறது நாதஸ்வரக்காரர்தான?"

டீக்கடை காலியாகிவிட்டது. பதினாலு பேர்! மத்தியானம் பதினேழு. எவனும் எது உறுமுகிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது, ஏறிவிட்டான்.

22 ஜூன்

இன்றும் பதினேழு. "பக்கத்து வண்டி போகாம சும்மாவே நின்னு ஓடிட்டிருக்குதுங்களே, எதுக்குங்க?" என்று இன்ஜினியரம்மா கேட்டார். "துணைக்கும்மா" என்றேன். நோட்டில் எழுதாமல் விட்டார்.

24 ஜூன், வெள்ளி

ஆஸ்பத்திரியில் வைத்து எழுதுகிறேன். ஜெயக்கொடிக்கு மூச்சு ஏறவேயில்லை. உதடு நீலமாகிப்போச்சு. டீக்கடைக்காரன் சந்தனம் கடையை அப்படியே போட்டுட்டு ஓடியாந்து தூக்குனான். நான் விசிலை வாயில வச்சுக்கிட்டே ஓடியிருக்கேன், மூச்சு விடுறப்பல்லாம் அது கத்துது, எல்லாரும் வழிவிடுறாக.

சௌடப்பன் வண்டி முன்னெல்லாம் கிழக்குப் பக்கம்தான் நிக்கும். அதோட பின்பக்கத்த எங்க அடுப்படி ஜன்னலுக்கு நேரா திருப்பி வச்சது யாரு? தினம் எட்டுத் தரம், தரத்துக்கு அஞ்சு நிமிசம்.

நான்தான். புகையில்லாத வண்டி ஓடணுமேன்னு. அவளுக்காகத்தான். அவளுக்காகவா? டீக்கடையில எல்லாரும் என் மூளையப் பத்திப் பேசுனாகளே, அதுக்காகவா?

ஒண்ணும் விளங்கல.

26 ஜூன், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. முதல் கேள்வி: "வெள்ளிக்கெழம வேன்ல எத்தன பேரு ஏறுனாக?"

"பதினேழு."

"அதுக்கு நான் ஒருத்தி எறங்கணுமாக்கும்."

கிறிஸ்துமஸ் நாடகத்தில் இருபது வருடமாகக் கோமாளி வேஷம் கட்டுகிறவன் நான். தண்ணிச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

1 ஜூலை, வெள்ளி

இன்ஜினியரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நோட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"அப்ப இதெல்லாம் பொய்க் கணக்குங்களா?"

"ஆளு நெசம்தாம்மா. டிக்கெட்டும் நெசம். ஏறுன காரணம்தான்…"

அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஐந்து நாள் எண்களை ஸ்கேல் வைத்து அடித்தார். மீதி நாட்களுக்குச் சராசரி இரண்டரை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் செய்ததுதான் சரி என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறது?

8 ஜூலை

வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரியில் ஏற்றி. அந்த லாரி விட்ட புகையை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

11 ஜூலை, திங்கள்

ஜெயக்கொடியைப் பாளையம்பட்டியில் அவள் தங்கச்சி வீட்டில் விட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் நான் அங்கே போக வேண்டும். டவுன் பஸ்ஸில் போனால் சட்டையெல்லாம் டீசல் வாடை, அவள் இருமத் தொடங்கிவிடுகிறாள். ஆகவே பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். நாற்பத்தெட்டு வயதில், இந்தத் தொந்தியோடு. பேன்ட் செயினில் மாட்டி, பெண்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து அதன் வாசலில் விழுந்தேன். என்னை எதிர்பார்த்துப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது.

25 ஜூலை, திங்கள்

டிரைவர்களைக் கூட்டிச் சொன்னேன். இனி நான் விசில் ஊதிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நிற்கிற வண்டி அணைந்து நிற்க வேண்டும். ஆளை நான் கூப்பிடுகிறேன், தொண்டை இருக்கிறது.

ஒரே ரகளை. கடைசியில் சௌடப்பன்தான் உள்ளதைச் சொன்னான். "அண்ணே, சத்தத்துக்காக மட்டுமா ஓட விடுறோம்? அணைச்சா திருப்பி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி செத்துப்போய் ஒரு வருசமாச்சு. மொதலாளி மாத்த மாட்டேங்காக."

இருபத்திரண்டு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்த டிரைவர் எந்த வீட்டில் சாப்பிடுகிறான் என்பது வரைக்கும் தெரிந்துவைத்திருக்கிறேன். இது தெரியவில்லை.

"அணை. நான் தள்ளுறேன்" என்றேன். சொன்னது நானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அணைத்தான். ஸ்டார்ட் ஆகவில்லை. "திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி! தள்ளுறவுகளுக்கு ஜன்னல் சீட்டு!" என்று கத்தினேன். பதினோரு பேர் தள்ளினோம். பால்ச்சாமி கத்தரிக்காய்ப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தள்ளினார்.

10 ஆகஸ்ட், புதன்

இன்று நாலு வண்டி. இடுப்பு.

17 ஆகஸ்ட், புதன்

தள்ளுகிற சனம் முதலாளி வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டிருக்கிறது. இரண்டு வண்டிக்குப் புதுப் பேட்டரி வந்தது. சௌடப்பன் வண்டிக்கு இல்லை. நான் தூண்டிவிட்டதாகப் பேச்சு. தூண்டவில்லை. தள்ளும்போது முதலாளியின் பேரைச் சொல்லித் தள்ளச் சொன்னேன், அவ்வளவுதான்.

29 ஆகஸ்ட், திங்கள்

டாக்டர் ஜெயக்கொடியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, புகை குறைந்தாலும் அவளை அந்த வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள் என்றார். பதின்மூன்று வருடத்தில் உள்ளே போனது போனதுதானாம்.

வீட்டைக் காலி செய்தேன். தையல் மிஷினின் தலையைக் கேரியரில் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டே பாளையம்பட்டிக்குப் போனேன். "ரெட்டியபட்டிக்காரிக இம்புட்டுத் தூரம் ரவிக்கைக்காக வருவாகளாங்க?" என்றாள். வருவாக என்றேன். தெரியாது.

19 செப்டம்பர், திங்கள்

இதுவரை மூன்று பேர் வந்தார்கள். அவளுக்கு இருமல் குறைவு. தூங்குகிறாள்.

எங்கள் பழைய வீட்டுக்கு யாரோ குடிவந்திருக்கிறார்கள். யார், என்ன, எங்கிருந்து என்று நான் விசாரிக்கவில்லை. இந்த ஊரில் நான் விசாரிக்காமல் விட்ட முதல் குடும்பம்.

காலையில் சௌடப்பன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். போய்க் கதவைத் தட்டினேன்.

"மதினிதான் இப்ப இங்க இல்லையேண்ணே. இன்னும் எதுக்கு அணைக்கச் சொல்றீக?"

நல்ல கேள்வி.  

"தெரியலப்பா. அணை."

"திரும்பத் தள்ளணும்."

"தள்ளுவோம்."

அணைத்தான். கொஞ்ச நேரத்தில், எங்கள் பழைய அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது.