கை தூக்கியவள்

அன்புள்ள அக்கா,

இந்தக் கணினி அறிவியல் வகுப்பில் எல்லாரும் அவரவர் பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள். அதனால் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. புரிந்த மாதிரி மண்டையை மண்டையை ஆட்டுவோம்.

நேற்று என் அறைத்தோழி கை தூக்கினாள். நுழைவுத் தேர்வில் எங்கள் எல்லாரையும் முந்தியவள்.

"சார், இவ்வளவு நேரமா ஒண்ணுமே புரியல. முதல்லேர்ந்து சொல்றீங்களா?"

பேராசிரியர் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இம்முறை எனக்கும் புரிந்தது.

வெளியே வந்ததும், "உனக்கா புரியல?" என்றேன்.

"எல்லாம் புரிஞ்சிருந்தா வீட்லயே இருந்திருப்பேனே!" என்று சிரித்தாள். என்ன தைரியம் அக்கா அவளுக்கு!

ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று போன வாரம் எழுதினேனே, அப்பாவிடம் சொல்லிவிடவில்லையே? சொல்லாதே. பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

உன் செல்லத் தங்கை