மூக்குக் கண்ணாடியைத் தொட்ட விரல்

அன்பு மகள் கோராவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் மகள் ஹேட்டியும் இங்கே சுகம். நிலம் காயாமல் மக்காச்சோளம் விதைக்க முடியவில்லை என்று ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

போனில் நீ அழுததும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். ஊருக்குத் திரும்பப் பெட்டியைக் கட்டிவிட்டதாகச் சொன்னாய். முதலில் அதைப் பிரி.

நான் புரிந்துகொண்டது சரிதானா பார். ஆபரேஷன் மேசையருகில் நின்று டாக்டர் கையில் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுக்கப் பயிற்சி பெறுகிறாய். அன்று கிருமி நீக்கிய கருவிகளைப் பரப்பி அடுக்கும்போது, நழுவிய மூக்குக் கண்ணாடியைக் கையுறை போட்ட விரலாலேயே மேலே தள்ளிவிட்டாய். அதே கையால் நாலைந்து கருவிகளையும் தொட்டுவிட்டாய். மற்றவர்கள் எல்லாரும் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. நீயாகத்தான் வாயைத் திறந்தாய்.

"நான் கண்ணாடியைத் தொட்டுட்டேன். இந்தக் கருவி மேசை இனிமே சுத்தமில்லை."

அத்தனை கருவிகளையும் ஒதுக்கி, புதிதாகப் பிரித்து அடுக்க முக்கால் மணி நேரம் போயிற்று. கண்ணாடியைக்கூடச் சமாளிக்கத் தெரியாதவர்கள் இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டாராம். இனி என்னைத் தேறவிட மாட்டார்கள் என்கிறாய்.

கண்ணாடியை ஒற்றை விரலால் தள்ளும் அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. திட்டுவதென்றால் அவர் என்னைத் திட்டட்டும். கண்ணாடி நழுவாமல் தலைக்குப் பின்னால் மாட்டும் பட்டை ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மீன் பிடிக்கப் போகும்போது நான் போடுவேனே, அதே மாதிரி. புதுசுதான், மீன் வாடை அடிக்காது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. இறைச்சி ஆலையில் முப்பத்தொரு வருஷம் கத்தி பிடித்தேன். கத்தி தரையில் விழுந்தால் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், வெந்நீரில் முக்காமல் தொடக்கூடாது. எனக்கு இரண்டு தடவை விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். மேலங்கியில் துடைத்துவிட்டு வெட்டினேன். மேஸ்திரியிடம் எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்தக் கறியை யார் தின்றார்களோ, இன்றுவரை தெரியாது. உனக்கிருக்கும் துணிவு எனக்கு இருந்ததில்லை, மகளே. எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று போனில் சொல்லத் தெரியவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

காபிக் கடையில் எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டு ஆர்லன் மட்டும், "யாரும் பாக்கலைன்னா பேசாம இருந்திருக்கலாமே, லெராய்" என்றான். "உன் வயித்தை அறுக்கிறப்பவும் அப்படியே இருக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். என் காபிக்கும் சேர்த்து அவன்தான் காசு கொடுத்தான்.

ஹேட்டி சாப்பிட்டதும் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு, தாத்தா என்னைத் தொடாதீர்கள், நான் ஆபரேஷன் அறையில் அம்மா மாதிரி சுத்தமாக இருக்கிறேன் என்கிறாள். தட்டுக் கழுவாமல் தப்பிக்க நல்ல வழி. நீ கற்றுக்கொடுத்ததுதானே, அனுபவிக்கிறேன்.

இன்னொரு செய்தி. என் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் வேண்டாமென்று இரண்டு வருஷமாக டாக்டரை ஏய்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா? வலியில்லை என்றது பொய். பயம். நேற்று நானாகவே போய் ஜூன் மாதத்துக்குத் தேதி வாங்கி வந்துவிட்டேன். சொந்த அப்பாவின் ஆபரேஷனில் உன்னை உள்ளே நிற்க விடமாட்டார்களாம், விசாரித்தேன். பரவாயில்லை. யாரும் பார்க்காதபோதும் வாயைத் திறக்கிற ஒருத்தி அங்கே நின்றால் எனக்குப் போதும்.

ஆகவே திங்கட்கிழமை நீ போய் உன் இடத்தில் நில், கண்ணே. அந்த மேசையில் படுத்திருப்பவரும் யாரோ ஒருத்தியின் அப்பாதான். நீ அவருக்காக நின்றால், என் பக்கத்தில் யாரோ பெற்ற பெண் நிற்பாள். கடவுள் உன் கைகளையும் அவள் கைகளையும் காக்கட்டும்.

உன் அப்பா,
லெராய்